ரத்தம் குறைந்தது சரி, எங்கே போனது?

(திரையில்: ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ஹீமோகுளோபின் 6.1 என்ற எண் மட்டும் சிவப்பு மையில்.)

வணக்கம். இந்த ரிப்போர்ட் பாடத்துக்காக நானே எழுதியது. ஆனால் இப்படி ஒரு தாள் நாய் வளர்க்கும் எந்த வீட்டுக்கும் ஒருநாள் வந்து சேரலாம். மூன்று வயது நாட்டு நாய். நான்கு நாளாகச் சோற்றைத் தொடவில்லை. காய்ச்சல் அடிக்கிறது, சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போகிறது. நாய்க்கு ஹீமோகுளோபின் 12 முதல் 18 வரை இருக்க வேண்டும், இதற்கு 6.1.

"ரத்தம் கம்மியா இருக்கு" என்று கேட்டதும் வீட்டில் இரும்புச் சத்து டானிக் வாங்குவார்கள், ஆட்டு ஈரல் வேகும், பீட்ரூட் சாறு பிழிவார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் இந்த நாயை அது எதுவும் காப்பாற்றாது. ரத்த சோகை என்பது நோயின் பெயர் இல்லை. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறி. ரத்தம் வெளியே போனதா, உள்ளேயே உடைந்ததா, இல்லை உற்பத்தியே நின்றுவிட்டதா? இது தெரியாமல் கொடுக்கும் எந்த மருந்தும் இருட்டில் எறிந்த கல்தான்.

(திரையில்: மெல்லிய கண்ணாடிக் குழாய். அடியில் சிவப்பு, மேலே திரவம்.)

ரிப்போர்ட்டில் பிசிவி என்று ஒரு வரி இருக்கும். மெல்லிய குழாயில் ரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். மொத்த ரத்தத்தில் அவை எத்தனை சதவீதம் என்பதுதான் பிசிவி. நாய்க்குச் சுமார் 37 முதல் 55, பூனைக்கு 30 முதல் 45. நம் நாய்க்கு 18. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பிசிவிக்குப் பக்கத்தில் வர வேண்டும். இங்கே வருகிறது. வராவிட்டால் முதலில் சாம்பிளைச் சந்தேகப்படுங்கள். மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் கிடந்த ரத்தம் டியூபிலேயே உடைந்திருக்கலாம். மனிதர்களுக்கான லேபில் கொடுத்திருந்தால், தாளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் நார்மல் அளவு மனிதர்களுடையது. ஆட்டின் சிவப்பணு மிகமிகச் சின்னது. மனித ரத்தத்துக்கு அமைத்த மெஷின் அதைச் சரியாக எண்ணாது.

அந்தக் குழாயில் மேலே நிற்கும் திரவத்தையும் பாருங்கள். மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். செலவே இல்லாமல் கிடைக்கும் தகவல் அது. தெளிவாக இருக்கிறதா, மஞ்சளா, சிவந்திருக்கிறதா? நம் நாய்க்குச் சிவந்திருக்கிறது. அதாவது சிவப்பணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைகின்றன. சிறுநீரின் நிறமும் அதைத்தான் சொன்னது.

அடுத்தது மொத்தப் புரதம். காயத்தாலோ புழுவாலோ ரத்தம் வெளியே போனால், அணுவும் போகும், புரதமும் சேர்ந்து போகும். இரண்டும் குறைந்திருக்கும். நம் நாய்க்குப் புரதம் 7.0, குறையவில்லை. ஆக, ரத்தம் வெளியே கசியவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி.

(திரையில்: ஸ்லைடில் நீலம் கலந்த பெரிய அணுக்கள்.)

இனிதான் முக்கியமான கேள்வி. ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜை விழித்துக்கொண்டதா? ரத்தம் குறைந்ததும் மஜ்ஜை முழுதாக முதிராத இளம் சிவப்பணுக்களை அவசரமாக வெளியே அனுப்பும். அவற்றின் பெயர் ரெட்டிகுலோசைட். நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டரில் இவை 60,000-ஐத் தாண்டினால் மஜ்ஜை ஈடுகொடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நம் நாய்க்கு 1,60,000. நல்ல செய்தி.

ஆனால் இந்த எண் ஏமாற்றவும் செய்யும். இளம் அணுக்கள் ரத்தத்தில் நன்றாகத் தென்பட மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். நேற்று வண்டியில் அடிபட்ட நாய்க்கு இன்று பார்த்தால் குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து மஜ்ஜை செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பிசிவியும் அப்படித்தான். அடிபட்ட முதல் சில மணி நேரம் அணுவும் திரவமும் சேர்ந்தே போவதால் விகிதம் மாறாது. போதாததற்கு மண்ணீரல் சுருங்கித் தன் கையிருப்பை வெளியே தள்ளும். உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது தாளில் 40 என்று இருக்கும். அதனால்தான் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். உடல் வறண்ட நாய்க்கும் பிசிவி பொய்யாக உயர்ந்து நிற்கும்.

மாதக்கணக்கில் மஜ்ஜை அசையாமல் இருந்தால் அது வேறு கதை. நாள்பட்ட சிறுநீரக நோயில், ரத்தம் ஊறச் சொல்லும் ஹார்மோனையே சிறுநீரகம் போதுமான அளவு சுரக்காது.

சரி, நம் நாய்க்கு வருவோம். பிளேட்லெட் 42,000. இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. ரத்தம் உள்ளே உடைகிறது, பிளேட்லெட் சரிந்திருக்கிறது, காய்ச்சல், காது மடலில் உண்ணி. இனி மெஷினை நம்பி உட்காரக் கூடாது, ஸ்மியரை, அதாவது கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தேய்த்த ரத்தத்தை, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். காது நுனியில் எடுத்த ஒரு சொட்டு இன்னும் நல்லது. சிவப்பணுவுக்குள் குட்டி மோதிரம் போல ஏதாவது தெரிந்தால் அது பெரும்பாலும் உண்ணி கடித்துப் பரவும் பபீசியா கிப்சோனி. உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் இருக்கும் இந்த ஒட்டுண்ணி முதலில் அடையாளம் காணப்பட்டது நம் சென்னையில். 1910-இல் பேட்டன் என்பவர் மெட்ராஸ் ஹன்ட் வேட்டைக் குழுவின் நாய்களில் இதைக் கண்டு எழுதினார். பிறகு நரிகளின் ரத்தத்திலும் இருந்தது. ஸ்லைடில் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை, பிசிஆர் தேவைப்படும். பெரிய வகை பபீசியாவுக்குப் போடும் வழக்கமான ஊசிக்கு இது எளிதில் அடங்காது. எந்த வகை என்று தெரிந்துகொள்வது அதனால்தான் அவசியம்.

இப்போது டானிக் ஏன் உதவாது என்று புரியும். அணு உள்ளே உடைந்தால் அதன் இரும்பு பெரும்பாலும் உடலிலேயே தங்கி, மறுபடி பயன்படும். இரும்பு உண்மையிலேயே தேவைப்படுவது கொக்கிப்புழு பிடித்த குட்டிக்கு. ஈறு வெளுத்து, மலம் தார் போலக் கறுத்து, நாள் முழுக்கக் குடலில் ரத்தம் கசிய, அதோடு இரும்பும் போய்விடும். சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறும். அங்கேயும் முதல் வேலை புழு நீக்கம்தான். தாய்ப்பால் வழியாகவே புழு வந்துவிடும் என்பதால், மலத்தில் முட்டை தெரியும் முன்பே குட்டி சாகலாம்.

நம் வீட்டுச் சமையலைப் பற்றியும் ஒன்று. சின்ன வெங்காயச் சாம்பார் சோறு நாய்க்கும் பூனைக்கும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுவை உடைக்கும். பூனைக்குக் கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே போதும். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையைக் கிள்ளிக்கூடக் கொடுக்காதீர்கள், உயிரே போய்விடும்.

டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள், கடைசியாகப் புழு மருந்து கொடுத்த தேதி, சிறுநீரின் போட்டோ மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் ஏற்றலாமா என்பதை எண் மட்டும் தீர்மானிக்காது. மெல்ல மெல்லக் குறைந்த நாய் பிசிவி 15-இலும் வாலாட்டிக்கொண்டு நடந்து வரும், ஒரே நாளில் குறைந்தது 20-இலேயே சரிந்து விழும். மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு காகிதம் போல வெளுத்து, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே கிளம்புங்கள்.