வெட்டினால் சாகாத புதர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மேய்ச்சல் நிலத்தில் முள்ளும் புதரும் ஏறிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்பவர்களில் பாதிப் பேர் ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஆள் விட்டோ இயந்திரம் விட்டோ நிலம் முழுக்க வெட்டியிருப்பார்கள். அடுத்த மழை பெய்து ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால், ஒரு தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டு நிற்கும். செலவழித்ததும் வீண், புதரும் முன்னைவிட அடர்த்தி. வெட்டியது தவறில்லை. எந்தச் செடி, எந்தப் பருவம், வெட்டிய பிறகு என்ன என்ற மூன்றையும் யோசிக்காமல் வெட்டியதுதான் கோளாறு.

முதலில் செடியைப் பார்ப்போம். பெரும்பாலான பைன், ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களைக் கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டினால் கதை முடிந்தது. அவை மறுபடி துளிர்ப்பதில்லை. அகன்ற இலை மரங்களில் பெரும்பாலானவை அப்படி விடாது. தண்டும் வேரும் கூடுகிற தூர்ப்பகுதியில் அவற்றுக்கு உறங்கும் மொட்டுகள் உண்டு. மேலே தலை போனதும் அவை விழித்துக்கொள்ளும். சீமைக்கருவேலையும் அதன் உறவான மெஸ்கீட் மரங்களையும் பாருங்கள். அந்த மொட்டுகள் மண்ணுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. மண்மட்டத்தோடு ஒட்ட வெட்டினாலும் மொட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. மண்ணைப் பறித்து, மொட்டு இருக்கும் பகுதிக்குக் கீழே, சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் வேரை அறுத்தால் மரம் செத்துவிடும். முழு வேரையும் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. பலர் இது தெரியாமல் பெரிய பள்ளம் பறித்து இடுப்பை ஒடித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது ரகமும் ஒன்று உண்டு. பாப்லர், ரொபினியா போன்றவை பக்கவேரிலிருந்து கன்று விடும். தாய்மரத்தை வெட்டினால் பத்தடி தள்ளிக்கூடக் கன்று கிளம்பும். இந்த ரகத்தில் வெறும் வெட்டு, செடியைப் பெருக்குகிற வேலைதான்.

அடுத்தது பருவம். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு செலவில்லாமல் கிடைக்கிற பலன் இதுதான். துளிர்க்கிற செடிக்கு வேர்தான் களஞ்சியம். இலை செய்கிற உணவை மாவுச்சத்தாக்கி அங்கே சேர்த்துவைக்கும். இலையுதிர்ந்து ஓய்ந்திருக்கும் காலத்தில் அந்தச் சேமிப்பு நிறைந்திருக்கும். அப்போது வெட்டுவது நமக்கு வசதி. புதருக்குள் நுழையலாம், வெயிலும் குறைவு. செடிக்கும் அதுதான் வசதி! நிறைந்த கையிருப்போடு ஒரே வீச்சில் துளிர்த்துவிடும். புதுத் தழை விட்டு, இலைகள் முழு அளவுக்கு விரிந்து முடிகிற சமயத்தில்தான் வேரில் இருப்பு மிகவும் குறைந்திருக்கும். இருந்ததைத் தளிருக்குச் செலவழித்தாயிற்று, இலை சம்பாதித்து இன்னும் திருப்பி அனுப்பவில்லை. அந்த நேரத்தில் வெட்டுங்கள். மறுபடி தளிர்க்கும், அந்தத் தழையும் விரிந்து முடிகிற சமயம் பார்த்து மறுபடி வெட்டுங்கள். இரண்டு மூன்று பருவம் இப்படித் தொடர்ந்தால் இளம் புதர்கள் நலிந்து சாகும். ஒருமுறை வெட்டிவிட்டு இரண்டு ஆண்டு திரும்பிப் பார்க்காமல் இருந்தால், முதல் வெட்டின் பலனும் போயிற்று.

விரல் கனம் வரைக்கும் உள்ள கன்றுகளை வெட்டவே வேண்டாம். நல்ல மழைக்குப் பிறகு, மண் நெகிழ்ந்திருக்கும்போது கையாலோ கடப்பாரையால் நெம்பியோ வேரோடு பிடுங்கிவிடலாம்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது? எல்லோருக்கும் கண்ணை உறுத்துகிற அடர்ந்த புதரில்தான் கை போகும். நான் நேர்மாறாகச் சொல்வேன்: புல் நன்றாக இருக்கிற, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கன்று தலைகாட்டுகிற பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜோன், எய்லீன் பிராட்லி என்ற இரு சகோதரிகள் 1960களில் காட்டு நிலங்களில் களை எடுத்தபோது கடைப்பிடித்த முறை இது. நல்ல இடத்திலிருந்து மோசமான இடத்தை நோக்கி, நல்ல செடிகள் பரவுகிற வேகத்திலேயே நகர்ந்தார்கள். அவர்கள் காப்பாற்றியது காட்டுச் செடிகளை, நாம் காப்பாற்ற நினைப்பது புல்லை, கணக்கு ஒன்றுதான். அடர்ந்த புதரில் ஒரு மரத்தைச் சாய்க்கிற நேரத்தில், மெலிந்த பக்கத்தில் ஏராளமான கன்றுகளைப் பிடுங்கி அந்த நிலத்தையே மீட்டுவிடலாம்.

வெள்ளாடு பற்றிக் கேட்பீர்கள். மாடு புல்லைத் தேடும், வெள்ளாடு தழையைத் தேடும். வெட்டிய தூரில் வருகிற இளந்தளிர் அதற்கு மிகவும் பிடித்தது. நம் கத்தி செய்ய வேண்டிய இரண்டாம் வெட்டையும் மூன்றாம் வெட்டையும் அதன் வாய் செய்துவிடும். ஆனால் ஆட்டை ஒரு பகுதியில் அடைத்து நெருக்கமாக மேயவிட்டு, தழை தீர்ந்ததும் நகர்த்த வேண்டும். ஆண்டு முழுக்க அவிழ்த்துவிட்டால் நல்ல புல்லையும் சேர்த்து முடித்துவிடும்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை: சிறு கன்றுகளைத் தீ கொல்லும், துளிர்க்கிற பெரிய புதரை மேலே மட்டும் கருக்கும். அனுமதியும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

களைக்கொல்லியை நான் முதலில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. நிலம் முழுக்கத் தெளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிளைபோசேட் புல்லையும் சேர்த்துக் கொல்லும். டிரைக்ளோபைர் புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைத் தாக்கும்; அப்போதும் தீவனத்துக்கு உதவுகிற பயறுவகைச் செடிகள் போய்விடும். தூரில் மட்டும் தடவுவது வேறு விஷயம். மரத்தை மண்மட்டத்தில் வெட்டி, வெட்டிய முகத்தில் பட்டையை ஒட்டிய வளையத்தில் மருந்தைத் தூரிகையால் தடவ வேண்டும். உயிரோட்டம் அந்த வளையத்தில்தான். நடுக்கட்டை செத்த மரம், அங்கே ஊற்றுவது வீண். நீரில் கரைகிற மருந்தென்றால் வெட்டிய சில நிமிடங்களுக்குள் தடவிவிட வேண்டும். தாமதித்தால் வெட்டுமுகம் காய்ந்து உள்ளே இறங்காது. அதனால் ஒருவர் வெட்ட, இன்னொருவர் பின்னாலேயே தடவிக்கொண்டு வருவது நல்லது. எந்த மருந்துக்கு உங்கள் பகுதியில் அனுமதி உண்டு, எவ்வளவு கலக்கலாம், எத்தனை நாள் மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் படியுங்கள். பிக்ளோரம், அமினோபைராலிட் போன்ற சில மருந்துகள் தழையிலிருந்து மாட்டின் வயிறு வழியாகச் சாணத்துக்கும் போகும். அந்த எருவைத் தக்காளிக்கோ அவரைக்கோ போட்டால் செடி சுருண்டுவிடும்.

வெட்டும்போது சாய்வாக வெட்டிக் கூர் விடாதீர்கள். கால்நடையின் குளம்பையும் வண்டி டயரையும் அது குத்திக் கிழிக்கும். வெட்டிப் போட்ட தழையிலும் கவனம் வேண்டும். உண்ணிச்செடி ஈரலைக் கெடுத்து, தின்ற மாட்டுக்கு வெயில் பட்டால் தோலே வெந்துபோகும். செர்ரி இன மரங்களின் வாடிய இலையில் சயனைடு விஷம் உண்டாகும். அடையாளம் தெரியாத செடி என்றால், தழையை அப்புறப்படுத்தும்வரை மாட்டை உள்ளே விட வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் புதர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தைச் சொல்கிறேன். சீமைக்கருவேலை அல்ல, நம் நாட்டுக் கருவேல மரத்தை 1890களில் அங்கே கொண்டுபோனார்கள். நிழலுக்கும் தீவனத்துக்கும் ஆகும் என்று பிறகு அரசே நடச் சொல்லி ஊக்குவித்தது. செம்மறியாடு மேய்ந்தவரை பெரிய தொல்லை இல்லை. பலர் மாட்டுக்கு மாறினார்கள், 1970களில் நல்ல மழையும் சேர்ந்து பெய்தது. நெற்றைத் தின்கிற மாட்டின் வயிற்றில், செம்மறியைவிட அதிக விதை சிதையாமல் சாணத்தோடு வெளிவரும், அதுவும் எருவோடு! இன்று 60 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் அந்த மரம். நெற்று தின்ற மாட்டை ஒரு வாரம் ஒரே இடத்தில் கட்டிவைத்து, விதை முழுக்க வெளியேறிய பிறகே சுத்தமான நிலத்துக்கு மாற்றுவது இதனால்தான்.

விதை விழுந்தாலும், அடர்ந்த புல்லுக்கு நடுவே முளைக்கிற கன்றுக்கு வெளிச்சமும் இல்லை, மேல்மண் ஈரமும் இல்லை. ஒட்ட மேய்ந்து திட்டுத் திட்டாக மண் தெரிகிற நிலத்தில் அதற்கு எதிரியே இல்லை. ஆகவே புதர் போன இடத்தில் மழைக்கு முன் புல்விதை தூவுங்கள், அந்தப் பகுதியை அடைத்துவையுங்கள். நிழலுக்குச் சில மரங்கள் நிற்கட்டும், ஓடைக்கரையில் இருப்பதையும் விட்டுவிடுங்கள். கரையைப் பிடித்திருப்பது அந்த வேர்.

மாட்டை எப்போது திரும்ப விடலாம் என்று தெரிந்துகொள்ள, புல்லைக் கையால் பற்றி, மாடு கடித்து இழுப்பதுபோலச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். வேரோடு வந்தால் இன்னும் காத்திருங்கள். இலை மட்டும் அறுந்து வந்தால் விடலாம். முதல் தடவை கொஞ்ச மாடு, கொஞ்ச நாள்.

வணக்கம்.