திருப்பி வைத்த கண்

நேயர்களுக்கு வணக்கம்.

1940களில் ராஜர் ஸ்பெரி என்ற அமெரிக்க விஞ்ஞானி, தவளையின் கண் நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். தவளைக்கு அந்த நரம்பு மறுபடி வளரும். வளர்ந்தது, பார்வையும் வந்தது. ஆனால் ஈ மேலே இருந்தால் தவளை கீழே பாய்ந்தது. எவ்வளவு நாள் விட்டுப் பார்த்தும் திருந்தவே இல்லை.

அப்படியென்றால், ஒவ்வொரு நரம்பிழையும் மூளையில் தன் பழைய இடத்தையே தேடிப் பிடித்திருக்கிறது. பழக்கத்தால் வந்த இணைப்பாக இருந்தால் மாறியிருக்க வேண்டுமே! செல்கள் ஒன்றையொன்று அடையாளம் காண வேதிக் குறிகள் இருக்கின்றன என்று 1963இல் ஸ்பெரி எழுதினார். (1981இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்கல்ல, மூளையின் இரு பாதிகளைப் பற்றிய ஆய்வுக்கு. எனக்கென்னவோ இதற்கே கொடுத்திருக்கலாம்.)

அந்தக் குறிகள் கையில் சிக்க முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது. 1995இல் எஃப்ரின் என்ற புரதங்களின் வேலை தெரியவந்தது. கோழிக் கருவில், மூளையின் பார்வைப் பகுதியின் பின்முனையில் எஃப்ரின் அதிகம். முன்னால் வரவரக் குறையும். கண்ணின் நெற்றிப்பொட்டுப் பக்கத்து (மூக்குக்கு எதிர்ப்பக்கத்து) இழைகளில் அதை உணரும் ஏற்பிகள் நிறைய. அதனால் அவை பின்னால் போகாமல் முன்பகுதியிலேயே நின்றுவிடும். இந்த எஃப்ரின் 'வா' என்று அழைப்பதில்லை, 'போ' என்று விரட்டித்தான் வழிகாட்டுகிறது.

பழ ஈயின் டிஸ்காம்1 மரபணு இன்னும் விசித்திரம். அதன் நான்கு பகுதிகளுக்கு 12, 48, 33, 2 என்று மாற்று வடிவங்கள் உண்டு. பெருக்கிப் பாருங்கள்: ஒரே மரபணுவிலிருந்து 38,016 புரதங்கள்! அந்த ஈயின் மொத்த மரபணுக்களே சுமார் 14,000தான். ஒவ்வொரு நியூரானும் (நரம்புச் செல்லும்) இவற்றில் சிலவற்றை மட்டும் தன் மேற்பரப்பில் வைத்துக்கொள்ளும். ஒரே நியூரானின் இரண்டு கிளைகள் உரசும்போது, ஒரே வடிவப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டியதும் கிளைகள் விலகிவிடும். இதனால் நியூரான் தன்னோடு தானே சிக்கிக்கொள்ளாமல் விரிகிறது. அடுத்த நியூரானின் கிளை என்றால் புரதம் பொருந்தாது. விலக வேண்டியதும் இல்லை. முதுகெலும்புள்ள விலங்குகளில் இதே வேலையைப் புரோட்டோகேடெரின் என்ற வேறொரு புரதக் குடும்பம் பார்க்கிறது.

சரி, விலகுவது மட்டும் போதுமா? துணையோடு சேரவும் வேண்டுமே. அதற்கு டெனியூரின் என்ற புரதம். ஈயின் மூளையில் மணத்தைக் கொண்டுவரும் சில நியூரான்களும், அதை வாங்கிக்கொள்ளும் நியூரான்களும் ஒரே டெனியூரினை அதிகமாக வைத்திருந்தால் சேர்கின்றன. 2012இல் அந்த அளவை மாற்றிப் பார்த்தார்கள். நியூரான்கள் தவறான துணையோடு இணைந்தன. டெனியூரின் மரபணுக்கள் நம்மிடமும் நான்கு இருக்கின்றன.