தலைவலிக்கு முதல்ல விசாரணை, அப்புறந்தான் ஸ்கேன்: பட்டிமன்றத்துல எங்க அணி பேச்சு

நடுவர் ஐயா அவர்களுக்கும், நான் மைக்க பிடிக்கிறதுக்கு முன்னாடியே நெத்தியத் தேய்க்க ஆரம்பிச்சிட்ட எதிரணி நண்பர்களுக்கும், நைட் டியூட்டி முடிச்சு பின்வரிசையில கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குற ஹவுஸ் சர்ஜன்களுக்கும் வணக்கம்.

தலைவலின்னு வர்ற நோயாளிய எடைபோட மருத்துவ மாணவருக்கு முதல்ல பழக்க வேண்டியது எது, உக்காந்து விசாரிக்கிறதா, ஸ்கேன் பாக்குறதாங்கறதுதான் தலைப்பு. நாங்க விசாரிக்கிற கட்சிங்க.

எதிரணித் தம்பி, சி.டி. மெஷினக் கண்டுபிடிச்ச ஹவுன்ஸ்ஃபீல்ட்ல ஆரம்பிச்சாரு. 1971 அக்டோபர் 1, லண்டன் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரி, ஒரு அம்மாவுக்கு முத சி.டி. ஸ்கேன், மூளைக்குள்ள கட்டி தெரிஞ்சுது, 1979-ல நோபல் பரிசும் வந்துதுன்னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டினீங்க, நானும் தட்டினேன். ஆனா ஐயா, அந்தம்மாவ மெஷின்ல படுக்க வைக்கணும்னு முடிவு பண்ணது யாரு? அவங்களுக்கு மூளையோட முன்பக்கத்துல கட்டி இருக்கலாம்னு டாக்டருங்க முன்னாடியே சந்தேகப்பட்டு வச்சிருந்தாங்க, மெஷின் அதுக்கு ஆமா போட்டுச்சு, அவ்ளோதான்!

தம்பி அடுத்து ஒரு பெரிய குண்டு போட்டாரு, மூளையில ரத்தக்குழாய் வெடிச்சா உங்க விசாரணை என்ன கிழிக்கும்னு. சரி, அதையே எடுத்துக்குவோம். ஒருத்தர் கேஷுவால்ட்டிக்கு வர்றாரு, "காலைலேர்ந்து தலைவலி டாக்டர்"ங்கறாரு. நம்ம பையன் கேஸ் ஷீட்ல "காலை முதல் தலைவலி"ன்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டான்னா கத அங்கயே முடிஞ்சுது. அதே பையன் "வலி வந்தப்போ என்ன பண்ணிட்டு இருந்தீங்க"ன்னு ஒரு கேள்வி சேத்து கேட்டா, "பல்லு வெளக்கிட்டு இருந்தேன் சார், யாரோ பின்மண்டையில டமார்னு அடிச்ச மாதிரி இருந்துச்சு, வாழ்நாள்ல இப்படி வலிச்சதே இல்ல"ன்னு வரும். வலி ஒரு நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போனா அது இடி மாதிரி வர்ற தலைவலி, மூளையச் சுத்தி ரத்தக்கசிவான்னு உடனே பாக்கணும். இதுக்கு சி.டி. அருமையான சோதனை, நான் இல்லேங்கல. வலி ஆரம்பிச்ச 6 மணி நேரத்துக்குள்ள நல்ல மெஷின்ல எடுத்து, நல்லா பாக்கத் தெரிஞ்சவரு பாத்தா கிட்டத்தட்ட எதுவும் தப்பாது. நேரம் போகப் போக அந்த ரத்தம் படத்துல மங்கிடும், அப்புறம் முதுகுல ஊசி போட்டு தண்ணி எடுத்துப் பாக்க வேண்டியிருக்கும், அதையும் வலி ஆரம்பிச்சு 12 மணி நேரம் கழிச்சு எடுத்தாதான் நம்பலாம். இப்ப சொல்லுங்க, இந்த 6 மணியும் 12 மணியும் எங்கேர்ந்து எண்ணுறது? அவரு பல்லு வெளக்குன நேரத்துலேர்ந்து. அது எந்த ஃபிலிம்ல இருக்கு தம்பி?

அடுத்து, குழந்தை பெத்து ரெண்டு மூணு வாரமான பொண்ணு. தலைவலி நாலு நாளா ஏறிக்கிட்டே இருக்கு, கூட வந்த மாமியார் "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, பால் குடுக்குறா, அதான்"னு தீர்ப்பே சொல்லிட்டாங்க (நடுவர் ஐயா கோச்சுக்கக் கூடாது, நம்ம ஊர்ல முத தீர்ப்பு எப்பவுமே மாமியாருதுதான்). சாதா சி.டி. எடுத்தா நார்மல்னு வரலாம். ஆனா மூளையிலேர்ந்து ரத்தம் வடியுற சிரையில ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கலாம், அதக் காட்ட சிரைகளத் தனியா படம் எடுக்குற வீனோகிராம் வேணும், வீனோகிராம் எழுதணும்னா பிரசவம் ஆச்சா, கருத்தடை மாத்திரை உண்டா, கோயில் விசேஷம்னு பீரியட்ஸ் தள்ளிப்போட மாத்திரை போட்டியாம்மான்னு கேட்டிருக்கணும். விசாரணை இல்லாம எடுத்த ஸ்கேன் இங்க சும்மா இருக்கல, "நார்மல்"னு பொய் சொல்லி அந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்பிடுது. கண்ணுக்குள்ள நரம்பு வீங்கியிருக்கான்னு ஆஃப்தால்மாஸ்கோப்ல பாத்திருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும், 1851-ல ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டுபிடிச்ச சாமான், நம்ம வார்டு பீரோவுல பேட்டரி இல்லாம படுத்திருக்கு!

சைனஸுக்கு வருவோம். இந்த அரங்கத்துல "எனக்கு சைனஸ் இருக்கு"ன்னு சொல்றவங்க கை தூக்குங்க... பாத்தீங்களா ஐயா, பாதி ஹால்! அமெரிக்காவுல 2004-ல வந்த ஒரு ஆய்வு, தனக்கு சைனஸ் தலைவலின்னு நம்பிக்கிட்டிருந்த கிட்டத்தட்ட 3000 பேர விசாரிச்சுப் பாத்தா 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி வகை. இவங்களுக்கு ஸ்கேன் எடுத்தா என்ன ஆகும், சைனஸ் ஜவ்வு லேசா தடிச்சிருக்குன்னு ஒரு வரி வரும், அது வலியே இல்லாத ஆளுக்கும் வர்ற வரிதான், ஆனா அந்த ஒரு வரிய வச்சே வருஷக்கணக்கா ஆன்டிபயாடிக் ஓடும். சர்வதேச தலைவலி சங்கம் 2018-ல வெளியிட்ட வரையறைய எடுத்துப் பாருங்க. மைக்ரேனுக்கு குறைஞ்சது 5 தடவ வந்திருக்கணும், மருந்து கேக்காட்டி 4 மணி நேரத்துலேர்ந்து 72 மணி நேரம் வரைக்கும் இருக்கணும், ஒரு பக்கமா வின்னு வின்னுன்னு தெறிக்குதா, மாடிப்படி ஏறினா கூடுதா, குமட்டுதா, வெளிச்சமும் சத்தமும் ஆகலையான்னு எல்லாமே வாயால கேட்டு வாங்குற சமாச்சாரம். வேற நோய் இல்லேன்னு உறுதி பண்ணணும்தான், அதுக்காக படம் எடுத்து நிரூபின்னு ஒரு வரி கூட கிடையாது.

எனக்குப் புடிச்ச கேள்வி ஒண்ணு இருக்கு. "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டா நம்ம ஊர் அக்கா "ஒண்ணும் இல்ல சார்"ம்பாங்க, பொய் இல்ல, மெடிக்கல் ஷாப்ல வாங்கி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்குற தலைவலி மாத்திரைய அவங்க மருந்து கணக்குலயே சேக்க மாட்டாங்க. "கடையில வாங்கிப் போடுவீங்களாக்கா, மாசத்துல எத்தன நாளு"ன்னு கேளுங்க, "அது தெனம் ஒண்ணு போட்டாதான் வேலையே ஓடும்"னு வரும். சாதாரண பாராசிட்டமால் மாதிரின்னா மாசத்துல 15 நாளு, காஃபீன் அது இதுன்னு கலந்த மாத்திரைன்னா 10 நாளு, இப்படி மூணு மாசத்துக்கு மேல போனா மாத்திரையே தலைவலிய உண்டாக்கும். வைத்தியம் என்னன்னா அந்த மாத்திரைய நிறுத்துறதுதான். இவங்கள எத்தன லட்ச ரூவா மெஷின்ல படுக்க வச்சாலும் மூளை பளிச்சுன்னு நார்மலா இருக்கும், வெளிய வந்ததும் முந்தானைய அவுத்து இன்னொண்ணு போட்டுப்பாங்க.

ஹேம்ப்டன் குழு 1975-ல இங்கிலாந்துல பண்ண ஆய்வுல, புதுசா வந்த 80 வெளிநோயாளிங்கள்ல 66 பேருக்கு நோய் என்னன்னு ஹிஸ்டரிலயே, அதாவது விசாரிச்சதுலயே, சரியா சொல்லிட்டாங்க. அது பழங்கத, எல்லா நோயும் கலந்த கணக்குன்னு எதிரணி சொல்லும், சொல்லட்டும். அதே 1975-ல, அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல, ஸ்காட்லாந்து டண்டீலேர்ந்து ஹார்டன் குழு ஓஸ்கி பரீட்சையப் பத்தி, அதாவது மாணவன் என்ன செய்யுறான்னு செக்லிஸ்ட் வச்சு மார்க் போடுற செய்முறைப் பரீட்சையப் பத்தி எழுதுச்சு. அந்த ஓஸ்கிலதான் எங்க அணிக்கும் ஒரு வருத்தம். நம்ம பிள்ளைங்க செக்லிஸ்ட் மார்க்குக்காக "வாந்தி உண்டா காய்ச்சல் உண்டா வலிப்பு உண்டா"ன்னு கந்த சஷ்டி கவசம் கணக்கா ஒப்பிக்கிறாங்க, நடிக்கிற பேஷண்ட் "ஆமா, காய்ச்சல் மூணு வாரமா இருக்கு, எடையும் குறையுது"ன்னு சொல்றாரு, டிபி மூளைக்காய்ச்சல் வாசல்ல நிக்குது, பையன் "ஓகே"ன்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுறான், கேட்டதுக்கு மார்க் கெடச்சுடுச்சில்ல. கேள்விக்கு மார்க் போடாதீங்க ஐயா, அந்தப் பதில வச்சு அடுத்து என்ன கேட்டான்னு பாத்து போடுங்க. தேசிய மருத்துவ ஆணையத்தோட பாடத்திட்டத்துல ஜெனரல் மெடிசின்ல தலைவலிக்கே தனி தலைப்பு இருக்கு, அதுல ஹிஸ்டரி எடுக்குறது முன்னாடி வருது, ஸ்கேன் பின்னாடிதான் வருது. தம்பி, உங்க சிலபஸே எங்க கட்சி!

ஓபில நேரம் எங்க இருக்குன்னு கேட்டீங்க. நியாயமான கேள்வி, கூட்டத்த நானும் தெனம் பாக்குறேன். ஆனா தலைவலியால வேலை கெடுதா, வெளிச்சம் ஆகலையா, குமட்டுதா, இந்த மூணுல ரெண்டுக்கு ஆமான்னா மைக்ரேனா இருக்க வாய்ப்பு அதிகம், கேக்க அரை நிமிஷம் ஆகுமா? 50 வயசுக்கு மேல புதுசா வந்த வலியா, மெல்லும்போது தாடை வலிக்குதா (தலை ரத்தக்குழாய் அழற்சியா இருக்கலாம்), வீட்ல எல்லாருக்கும் சேந்தே தலைவலின்னா குளியல் ரூம்ல கேஸ் கீசர் இருக்கா (அதோட விஷவாயுவா இருக்கலாம்), இன்னொரு அரை நிமிஷம். ஸ்கேன் ரூம் வாசல்ல நிக்குற வரிசைக்கு எத்தன மணி நேரம்னு நீங்களே சொல்லுங்க.

மணி அடிச்சிட்டாங்க. அடுத்து எதிரணிலேர்ந்து பேச வர்ற அக்காவுக்கு ஒரே ஒரு கேள்வி: நாளைக்கு உங்க ஓபிக்கு தலைவலின்னு அம்பது பேர் வர்றாங்க, மெஷின் ஒண்ணுதான், முதல்ல யாரப் படுக்க வைப்பீங்க, ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்காம அத எப்படி முடிவு பண்ணுவீங்கன்னு மட்டும் சொல்லிட்டு உங்க பேச்ச ஆரம்பிங்கக்கா. நன்றி, வணக்கம்.