ஆறேகால் பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது யார்?

வணக்கம் நேயர்களே.

மலையகத்தில் ஒரு பஸ் சேவையை நிறுத்திவிட்டோம் என்று யாராவது அறிவித்து நான் கேட்டதில்லை. ஒரு திங்கட்கிழமை பஸ் வராது. விசாரித்தால், பஸ் பழுது என்பார்கள். செவ்வாய்க்கிழமை சாரதிக்கு லீவு. புதன்கிழமை யாரும் விசாரிப்பதில்லை. ஆட்டோக்காரரின் நம்பரைத் தேடத் தொடங்கிவிடுவோம். மூன்று மாதம் போனால், "முன்பு இந்த வழியாக ஒரு பஸ் ஓடியது" என்று அது கதையாகிவிடும்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் 27 ஆண்டுகள் படிப்பித்து ஓய்வு பெற்றவள். போக்குவரத்து நிபுணர் அல்ல. ஆனால் ஆறேகால் பஸ்ஸுக்காக நான் சந்தியில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு பட்டப்படிப்பை முடித்திருக்கலாம்.

அந்த பஸ் தேயிலைத் தொழிற்சாலைச் சந்தியில் இருந்து தோட்டத்தின் மேற்பிரிவுக்கு மூன்று மைல் ஏறும். முதலாம் கியரில்தான் ஏறும். ஏறும்போது உள்ளே நான், இன்னும் இரண்டு ஆசிரியைகள், சில நாட்களில் ஒரு மரக்கறிச் சாக்கு. இறங்கும்போது நிற்க இடம் இருக்காது: பாடசாலைப் பிள்ளைகள், டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகிற அம்மாமார், ஹட்டனில் கடை வேலைக்குப் போகிற இளைஞர்கள். மாலையில் இதுவே தலைகீழாக நடக்கும். ஆக, மலைப்பாதை பஸ் ஒன்று தன் ஓட்டத்தில் பாதியை வெறுமையாகவே ஓடியாக வேண்டும். வெறுமையாக ஏறினால்தான் நிறைந்து இறங்க முடியும். டிப்போவில் வருமானக் கணக்கு பார்ப்பவருக்கு அந்த வெறும் பாதிதான் முதலில் கண்ணில் படும். ஒருநாள் நடத்துனர் தம்பி என்னிடம் சொன்னார்: "டீச்சர், இந்த மூன்று மைலுக்கு நான் கிழிக்கிற டிக்கெட் டயர் தேய்மானத்துக்கே காணாது." பொய்யில்லை. அவருடைய தோல்பையில் அன்று கிடந்த சில்லறையை நானும் பார்த்தேன்.

அப்படியானால் அந்த பஸ் அத்தனை காலம் எப்படி ஓடியது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகளை அரசாங்கம் பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை உருவாக்கியது. அதற்குப் பின் நாடு முழுவதற்கும் ஒரே கல்லாப்பெட்டி. கொழும்பு, காலி வீதியில் நிரம்பி வழிந்த பஸ்ஸின் வருமானம், சாமிமலையில் காலியாக ஏறிய பஸ்ஸின் நட்டத்தை மறைத்தது. யாரும் அதை மானியம் என்று சொல்லவில்லை. சொல்லாததால் கணக்கிலும் எழுதவில்லை.

1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. அவர்கள் ஆட்கள் நிறைந்த வீதிகளுக்குத்தான் வந்தார்கள், வேறெங்கே வருவார்கள்? லீசிங் காசு கட்ட வேண்டிய ஒருவர் மேற்பிரிவுக்கு வெறும் பஸ் ஏற்றுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மக்கள்மயமாக்கல் என்ற பெயரில் டிப்போக்கள் தனித்தனிக் கம்பனிகளாயின. ஒவ்வொரு டிப்போவும் தன் சோற்றைத் தானே உழைக்க வேண்டும் என்றானது. கொழும்பு பஸ் உழைத்து மலை பஸ்ஸுக்குச் சோறு போட்ட காலம் அத்துடன் முடிந்தது. 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் கம்பனிகளை மறுபடி ஒன்றாக்கி இலங்கை போக்குவரத்துச் சபை என்று பெயர் வைத்தார்கள். பெயர் திரும்பி வந்தது. பழைய கல்லாப்பெட்டி திரும்பவில்லை; ஆட்கள் நிறைந்த வீதிகளில் பாதி அதற்குள் தனியாரிடம் போயிருந்தது.

இப்போது அந்தப் பள்ளத்தை நிரப்புவது திறைசேரி. பாடசாலை சீசன் டிக்கெட்டில் பிள்ளை கட்டுவது சிறு பங்கு, மிச்சம் அரசின் பொறுப்பு. இலாபமில்லாத வழித்தடங்களுக்கென்றும் பணம் உண்டு. 1991இல் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் ஊடாக, பிள்ளைகளுக்கு சிசு செரிய, கிராமங்களுக்கு கெமி செரிய, இரவுக்கு நிசி செரிய என்று மானிய பஸ்கள் வந்தன. சிசு செரியவில் தனியார் பஸ்களும் ஓடுகின்றன. நல்ல திட்டங்கள்தான்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் வேண்டாம். சாதாரண தரத்தில் நன்றாகச் சித்தியடைந்து, உயர்தரத்தில் உயிரியல் படிக்க ஹட்டனுக்குப் போனாள். எங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு கிடையாது. அவளுடைய சீசன் டிக்கெட் பிளாஸ்டிக் உறையில் புத்தகப் பையின் சிப்பில் கட்டித் தொங்கும். மழை உறைக்குள் புகுந்து, படத்தில் முகம் கலைந்து இரட்டைப் பின்னல் மட்டும்தான் தெரியும். அந்த மட்டைக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் ஒதுக்கியது. ஆனால் மாலை ஐந்து மணி பஸ்ஸை டிப்போ தூர சேவைக்கு மாற்றிவிட்டது. பஸ் தட்டுப்பாடு வந்தால் முதலில் கழற்றப்படுவது எப்போதும் தோட்டத்து பஸ்தான். தனியார் பஸ்ஸில் ஏறி சீசனைக் காட்டினாள். அந்த நடத்துனர், "தங்கச்சி, இது அரசாங்கத்துக்குத்தான் காசு, எனக்கு வெறும் மட்டை" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன? அவருக்கு யாரும் ஈடு கட்டப்போவதில்லை. பிள்ளை சந்திவரை டிக்கெட் எடுத்து, அங்கிருந்து இன்னும் மூன்று பேருடன் ஆட்டோவில் போனாள். அதுவும் மூன்று மாதம்தான். பிறகு கலைப்பிரிவுக்கு மாறி ஊருக்குப் பக்கத்திலேயே படித்தாள். சீசன் டிக்கெட்டுக்கு மானியம் இருந்தது, அது செல்லுபடியாகிற பஸ் இல்லை. இந்த முட்டாள்தனத்தை எந்த வரவு செலவுக் கணக்கிலும் பார்க்க முடியாது. அங்கே சீசன் பணம் ஒழுங்காகச் செலவானதாகத்தான் இருக்கும்.

2022இன் டீசல் தட்டுப்பாடு உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச்சில் 20 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாவானது. தோட்டத்தில் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. கட்டணம் பின்னர் இறங்கியது. அந்தக் கிழமைகளில் காணாமல் போன ஓட்டங்களில் சில இன்னும் திரும்பவில்லை.

2025 வரவு செலவுத் திட்டத்தில் கொழும்பின் பிரதான வீதிகளுக்கு நூறு நவீன பஸ்கள் என்றார்கள். கொழும்புக்குக் கொடுப்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அங்கே நின்றுகொண்டே பயணம் செய்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் கவலை வேறு. மானியப் பணம் டிப்போவுக்கு மொத்தமாக வந்து மொத்தமாகக் கரைகிறது. எந்த ஊரின் எத்தனை மணி ஓட்டத்தை அந்தப் பணம் வாங்கியது என்று எங்கும் ஒட்டப்படுவதில்லை. ஆறேகால் பஸ் பொதுப்பணத்தில் வாங்கப்பட்டது என்று சந்தியில் ஒரு பலகை இருந்தால், அது வராத அன்று நாம் கேட்பது தயவாக இருக்காது, கணக்காக இருக்கும். மானியத்தைக் குறைக்கிறவரும் எந்த பஸ்ஸை நிறுத்துகிறோம் என்று தெரிந்தே குறைக்க வேண்டி வரும். நான் எல்லா பஸ்ஸுக்கும் வக்காலத்து வாங்கவில்லை. நாலு பேர்கூட ஏறாத பகல் பன்னிரண்டு மணி ஓட்டம் ஒன்று எங்கள் பாதையில் இருந்தது. அதை நிறுத்தி, அந்த டீசலை மாலை ஐந்து மணிக்கு ஊற்றியிருக்கலாம்.

பாதையே சரியில்லாத தோட்டங்களும் உண்டு. பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை தோட்டப் பாதைக்குச் சபைகள் செலவழிப்பதே சிக்கல். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

யாரிடம் கேட்பது? மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது மாகாணம். மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்து, அதன் பின் தேர்தலே இல்லை. இலங்கை போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ் மத்திய அரசின் கீழ். அதனால் நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை பதினான்கு வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். பேனா கையில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகச் சொல்கிறேன். மேலே "தகவல் அலுவலர்" என்று போட்டு, உங்கள் டிப்போவின் பெயரை எழுதுங்கள். கீழே மூன்று கேள்வி. இலாபமற்ற சேவைக்கென்று கடந்த ஆண்டு இந்த டிப்போவுக்குக் கிடைத்த தொகை எவ்வளவு? அந்தத் தொகையில் ஓடவேண்டிய ஓட்டங்கள் எவை, வழித்தடமும் புறப்படும் நேரமும்? அவற்றில் மாதவாரியாக ஓடாத நாட்கள் எத்தனை? கையெழுத்துப் போட்டு, திகதியை எழுதி, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.