“என்னைப் பார்க்காதே” என்று தொடங்கும் ஒரு பாட்டு

(பினாங்கு ஜார்ஜ் டவுனில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆங்கிலப் பாட்டு. தமிழ்ப்பள்ளி மேடையில் ஆங்கிலப் பாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகள் காதில் செருகிக்கொண்டு கேட்பவற்றில் நல்லதும் உண்டு என்பதை, ஒலிவாங்கி கையில் இருக்கும்போதாவது ஒருவர் சொல்லிவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

அமெரிக்கப் பாடகி கிறிஸ்டினா அகிலேரா 2002இல் வெளியிட்ட ‘ஸ்டிரிப்ட்’ என்னும் தொகுப்பில் இடம்பெற்ற ‘பியூட்டிஃபுல்’ என்பதே அந்தப் பாட்டு. அதை எழுதியவர் லிண்டா பெர்ரி. 2004இல் இப்பாட்டுக்காக அகிலேராவுக்குச் சிறந்த பாப் பாடகிக்கான கிராமி விருது கிடைத்தது. யார் என்ன சொன்னாலும் நான் அழகுதான், பிறர் சொற்கள் என்னைத் தாழ்த்திவிட முடியாது என்பது பல்லவியின் சாரம். இவ்வளவுதான் பாட்டு என்றால் அதை வாழ்த்து அட்டையில் அச்சிட்டு விற்றுவிடலாம். உங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இங்கே உட்கார வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் காதை ஊன்றிக் கேட்டால், முதல் வரிக்கு முன்பே ஒரு முணுமுணுப்பு கேட்கும். “என்னைப் பார்க்காதே” என்கிறார் பாடகி. அது பாட்டுக்காக எழுதப்பட்ட வரி அன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடத் தொடங்குமுன் உடன் வந்திருந்தவரிடம் சொன்னது அப்படியே பதிவாகிவிட்டது. நாம் இன்று கேட்கும் குரலும் முன்னோட்டமாகப் பாடிப் பார்த்த குரல்தான். அதில் குறை இருப்பதாக எண்ணி மறுபடி பாட விரும்பினார் அகிலேரா. அந்தக் குறையோடு இருப்பதே பாட்டு என்று லிண்டா பெர்ரி பிடிவாதமாக இருந்துவிட்டார். உள்ளபடியே உன்னை ஏற்றுக்கொள் என்று ஊருக்குச் சொல்லும் பாட்டைப் பாடியவருக்கு, தன் குரலை உள்ளபடியே ஏற்றுக்கொள்வது அன்று எளிதாக இருக்கவில்லை. எனக்கு இப்பாட்டின் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சொற்கள் என்னை வீழ்த்த முடியாது என்று உரக்கச் சொல்லும் பாட்டு, முடிவில், இன்று மட்டும் என்னை வீழ்த்திவிடாதே என்று கெஞ்சி நிற்கிறது. சொற்கள் உண்மையிலேயே வலிக்கவில்லை என்றால் கெஞ்சுவானேன்? பல்லவியும் ஒரே மாதிரி திரும்புவதில்லை. முதலில் நான் அழகு, அடுத்து நீ அழகு, பின்பு நாம் அழகு என்று விரிந்துகொண்டே போகிறது. ஒருத்தி தனியாகத் தன்னைத் தேற்றிக்கொண்டால் போதாது என்பதைப் பாட்டின் அமைப்பே ஒப்புக்கொள்கிறது. யோனாஸ் ஆக்கர்லுண்ட் இயக்கிய காணொளியிலும் அதே நிலைதான். கண்ணாடி முன் நிற்கும் எலும்பும் தோலுமான பெண், சுவரெல்லாம் கட்டுடல் வீரர்களின் படங்களை ஒட்டிவைத்துக்கொண்டு எடை தூக்கும் ஒல்லிப் பையன், பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்து நெருப்பில் போடும் சிறுமி என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். அந்தச் சிறுமியின் கையில் பத்திரிகையைக் கொடுத்தது யார் என்ற கேள்வியைக் கேட்காமல், அவளைப் பார்த்து உன்னை நீ நேசி அம்மா என்று மட்டும் சொல்வது, அடித்தவனை விட்டுவிட்டு அடி வாங்கியவனுக்குப் பொறுமையைப் போதிப்பதாகும்.

எல்லாப் பாட்டும் இவ்வளவு தூரம் போவதில்லை. 2014இல் மேகன் டிரெய்னர் பாடிய ‘ஆல் அபௌட் தட் பேஸ்’ அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 8 வாரம் முதலிடத்தில் இருந்தது. பருமனான பெண்களுக்காகப் பேசிய பாட்டு என்று கொண்டாடினார்கள். ஆனால் ஆண்களுக்குச் சதைப்பிடிப்பான பெண்களைத்தான் பிடிக்கும் என்ற சமாதானத்தை அது நடுவில் வைத்தது; போகிற போக்கில் ஒல்லியான பெண்களையும் ஓர் இடி இடித்தது. தராசு அதேதான், தட்டு மட்டும் இடம் மாறிவிட்டது. அதே பாடகியின் இன்னொரு பாட்டுக்கான காணொளி 2016இல் வெளிவந்தபோது, தம் ஒப்புதல் இல்லாமலே தம் இடுப்பைக் கணினியில் குறுக்கியிருப்பதைக் கண்ட அவர், அதை உடனே நீக்கச் செய்து, திருத்தாத காணொளியை வெளியிட்டார். பாராட்ட வேண்டிய செயல். ஆனால் உடலைக் கொண்டாடிப் புகழ்பெற்ற பாடகியின் இடுப்பையே குறுக்கத் துணிந்த ஒரு தொழில், நம் வீட்டுப் பெண்ணின் படத்தை விட்டுவைக்குமா?

நம் பக்கமும் கணக்கு இதேதான். 2000இல் ‘வெற்றிக் கொடி கட்டு’ படத்தில் வந்த ‘கறுப்புதான் எனக்குப் பிடிச்ச கலரு’ என்ற பாட்டுக்கு இந்த ஊர்த் திருமண மண்டபங்களில் ஆடாதவர் குறைவு. அதைப் பாடுகிறவள் பெண், பாராட்டப்படுகிறவன் கறுப்பான ஆண். கறுப்பான பெண்ணை அதே ஊக்கத்தோடு பாராட்டும் பாட்டு எத்தனை உண்டு என்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்களே மிஞ்சும்.

ஐயன் வள்ளுவர் இருக்கிறாரே என்பீர்கள். “உருவுகண்டு எள்ளாமை வேண்டும்” என்ற குறளைச் சொல்லாமல் நம்மில் யாரும் இந்தத் தலைப்பில் பேசியதில்லை. ஆனால் குறளின் அடுத்த அடியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உருளும் பெருந்தேருக்கு அச்சாணி போன்றவர்கள் உலகில் உண்டு, ஆகவே எள்ளாதே என்கிறார். வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில், செயல் முடிக்கும் ஆற்றலைப் பேசும் இடத்தில், அது பொருத்தமான காரணம். ஆனால் அச்சாணியாக இல்லாத சாதாரணப் பிள்ளையை என்ன செய்வது? ‘கறுப்பா இருந்தாலும் நல்லாப் படிக்கிறா’, ‘குண்டா இருந்தாலும் கைவேலை சுத்தம்’ என்று நாம் பாராட்டுகிறோம் அல்லவா, அந்த ‘இருந்தாலும்’ எவ்வளவு கனமானது என்பது அதைச் சுமக்கிறவளுக்குத்தான் தெரியும். நான் பேசும் பாட்டு எந்தத் தகுதிச் சான்றிதழையும் கேட்பதில்லை. இந்த ஓர் இடத்தில் அது குறளுக்குச் சற்று அப்பால் நிற்கிறது என்று சொல்லும் துணிவுக்காக அவையோர் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

இங்குள்ள நடப்புக்கு வருவோம். லெபோ பசார் பக்கம் புடவைக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளைப் பாருங்கள். கடைக்குள் நுழைகிற எந்தப் பெண்ணின் நிறமும் அவற்றுக்கு இல்லை. திருமணத்தன்று மணப்பெண்ணை மேடையில் பாருங்கள். அவளுடைய நிறத்துக்கு இரண்டு படி வெளுப்பான பவுண்டேஷன் முகத்தில்; கழுத்தில் அது மாலைக்கடியில் கரைந்து மறைகிறது; மருதாணி இட்ட கை மட்டும் அவள் பிறந்த நிறத்திலேயே இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் எடுத்த படத்தில் இரண்டு பெண்கள் இருப்பது போலத் தோன்றும். பந்தியிலோ, “ஏன் இப்படி ஊதிட்டே?” என்று அத்தை ஒருவர் கேட்பார். நலம் விசாரிப்பதாகத்தான் அவர் நினைத்திருப்பார். மின்சாரம் போனால் உன் பல்லு மட்டும்தான் தெரியும் என்று வகுப்பில் சிரிக்கிறார்களே, அந்தப் பிள்ளைகள் இதை எங்கே கற்றார்கள் என்று ஆராய வேண்டியதில்லை.

இது நம் வீட்டோடு நிற்பதும் இல்லை. 2017 நோன்புப் பெருநாள் விளம்பரம் ஒன்றில் பெண்ணுக்குக் கறுப்பு மை பூசி நகைச்சுவை செய்த ஒரு கடைத் தொடர், நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு அதைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பெயர் தெரியாத டப்பாக்களில் விற்கும் வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் இருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டறிந்து அவ்வப்போது தடை செய்கிறது. பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கிறது; அதே பாதரசம் உடலுக்குள் இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வாங்காதீர்கள்.

இப்போது பெற்றோர்கள் மனத்தில் ஓடும் கேள்விக்கு வருகிறேன். பருமனை ஏற்றுக்கொள் என்று பிள்ளைகளிடம் சொன்னால், இனிப்பு நீர் நோய்க்கு நாமே வழி திறந்து விடுவதாகாதா? நியாயமான அச்சம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள் என்றும், 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது என்றும் காட்டியது. நாட்டின் மூன்று பெரிய இனங்களுள், எடை, நீரிழிவு ஆகிய இரண்டிலும் முன்னால் நிற்பவர்கள் இந்தியர்களாகிய நாம். இதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் கேலிக்கு ஆளானவர்கள் அதனால் மெலிந்துவிடுவதில்லை. கூடுதலாகச் சாப்பிடுவதும், கிளினிக்குப் போகக் கூசுவதும், திடலில் ஓடுவதை நிறுத்திவிடுவதும்தான் நடக்கிறது என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். உடம்பை வெறுக்கிறவன் அதற்கு மருந்து கொடுக்க மாட்டான். சர்க்கரை அளவைக் குறைக்கச் சொல்வது மருத்துவர் வேலை. அதைப் பந்தியில் பத்துப் பேர் முன்னால் வைத்துச் சொல்வது யாருடைய வேலையும் அன்று.

2022இல், பாட்டு வெளிவந்து 20 ஆண்டு நிறைந்ததையொட்டி, அகிலேரா அதற்குப் புதிய காணொளி ஒன்றை வெளியிட்டார். இம்முறை பேசுபொருள், சமூக ஊடகம் இளையோரின் மனத்தை என்ன செய்கிறது என்பது. முதல் காணொளியில் வரும் சிறுமியால் பத்திரிகையை எரித்துவிட முடிந்தது. இன்றைய சிறுமி கைப்பேசியை எரிக்க முடியாது, அதில்தான் வீட்டுப்பாடமும் வருகிறது.

ஆகவே பிள்ளைகளுக்கு அறிவுரை எதுவும் சொல்லாமல், ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம் பள்ளிகளின் ஆண்டுவிழாக்களில் நடனத்துக்கு ஆள் எடுக்கும்போது, சிவந்த பிள்ளைகள் முன்வரிசைக்கும் மற்றவர்கள் பின்வரிசைக்கும் எப்படியோ போய்விடுகிறார்கள். கேட்டால் உயரம் பார்த்து நிறுத்தினோம் என்பார்கள். கார்மேனியன் என்று ஆண்டாளே பாடிய கண்ணனின் வேடத்துக்குக்கூட, இருப்பவர்களில் வெளுத்த பையனைத் தேடிப் பிடித்து, அவன் முகத்தில் நீல மாவைப் பூசி மேடையேற்றுகிறோம். நடன ஆசிரியரின் உரிமையில் நான் தலையிடவில்லை. அடுத்த விழாவின் செலவுப் பட்டியலில் அந்த நீல மாவை மட்டும் சேர்க்க வேண்டாம் என்று பொருளாளரைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.