அப்பா வீட்டு விலாசம்

(தருமபுரியில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

1974இல் என்னோடு பி.எஸ்சி. வேதியியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கும், உடன் வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

அப்போது பிளஸ் டூ கிடையாது, அது 1978இல்தான் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் கல்லூரியிலேயே பி.யூ.சி. ஒரு வருஷம், அதன்பின் பட்டப்படிப்பு மூன்று வருஷம். பதினாறு வயதில் உள்ளே வந்தோம், இருபதில் வெளியே போனோம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதுவரை எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம்தான். ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம், அரூர், பென்னாகரம் என்று நாலா திசையிலிருந்தும் வந்து சேர்ந்த வகுப்பு நம்முடையது. அதில் பெண்கள் ஒன்பது பேர்.

இன்றைக்கு இந்த மண்டபத்தில் ஆண்கள் முப்பதுக்கு மேல் இருக்கிறீர்கள். பெண்கள் இரண்டே பேர். காலையில் ஒரு நண்பர் கேட்டார்: "ஏம்மா, நீங்க பொம்பளைங்க யாருமே தொடர்பு வெச்சிக்கலையா?" அன்பாகத்தான் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

இதோ, கையில் இருப்பது 1977இன் ஆட்டோகிராப் நோட்டு. கடைசி நாளன்று ஒவ்வொருத்தியும் எனக்கு விலாசம் எழுதிக் கொடுத்தாள். எட்டு விலாசம். எட்டும் அப்பா வீட்டு விலாசம். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் எல்லோருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. ஊர் மாறியது, பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வந்தது. ஆண்களாகிய உங்களுக்கு அந்த இனிஷியல் இன்றும் அப்படியே இருக்கிறது. பேங்கிலோ பள்ளிக்கூடத்திலோ விசாரித்தால் உங்களைக் கண்டுபிடித்துவிடலாம். எங்களை எந்தப் பெயரில் தேடுவது?

நான் இன்லண்ட் லெட்டர் போட்டுப் பார்த்தேன். மூன்று திரும்பி வந்தன. ஒன்றுக்கு அவள் தம்பி பதில் எழுதினான், அக்கா சேலம் பக்கம் போய்விட்டாள் என்று. சேலம் பக்கம் என்றால் எங்கே? அவன் எழுதவில்லை. புகுந்த வீட்டுக்குக் கடிதம் வந்தால் யாரிடமிருந்து, என்ன விஷயம் என்று நாலு பேர் கேட்ட காலம் அது. மேற்கொண்டு எழுதி அவளுக்குச் சங்கடம் உண்டாக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தில் நாற்பது வருஷம் போய்விட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி வெள்ளி. கோட்டைக் கோயிலில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா தட்டை இடது கைக்கு மாற்றினார். மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு. லேபில் கந்தக அமிலம் தெறித்த தழும்பு அது. அன்றைக்குப் பீக்கரைத் தட்டிவிட்டது நான். தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தாள், ஒரு நொடிகூட ஆகவில்லை, என் பேரைச் சொல்லி, "அடியே, நீயாடி!" என்றாள்.

என்னை டீச்சர் என்கிறார்கள், அண்ணி என்கிறார்கள், அத்தை, பாட்டி என்கிறார்கள். எல்லாம் மரியாதைதான், குறையொன்றும் இல்லை. ஆனால் அம்மா போன பிறகு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை என்பது அந்த வரிசையில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அர்ச்சனையை மறந்து இரண்டு பேரும் பிராகாரத்தில் உட்கார்ந்து அழுதோம். விசாரித்தால், என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷ நடையில் மகன் வீட்டில் இருக்கிறாள். நாலு வருஷமாக! இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவள் வருவாள், அல்லது நான் போவேன். போன மாதம் எனக்குக் காய்ச்சல். கேட்காமலேயே சமையலறைக்குள் போய் ராகிக்களி கிண்டி, கீரை கடைந்து வைத்துவிட்டுத்தான் போனாள். அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆண் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் சிலருக்கு இந்தப் பெண்கள் இருக்குமிடம் தெரிந்திருக்கும். சொந்தத்தில் கட்டிக்கொடுத்திருப்பார்கள், ஒரே ஆபீஸில் வேலை பார்த்திருப்பார்கள். பொம்பளைகள் விஷயம், நாம் எதற்கு என்று இருந்துவிட்டீர்கள். தகடூர் என்றிருந்த இதே மண்ணில்தான் அதியமானும் ஔவையும் நட்பாக இருந்தார்கள். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, பலநாள் பலரோடு போனாலும் முதல்நாள் போன்ற அதே விருப்பத்தோடு வரவேற்பான் என்று அவனைப் பற்றி ஔவை பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு என்ன கூச்சம்? நீங்கள் பேசத் தயங்கினால் உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லிப் பேசச் சொல்லுங்கள்.

கிடைக்காதவர்கள் இன்னும் ஏழு பேர். ஒருத்தி பாப்பாரப்பட்டி, அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். இன்னொருத்தி மாரண்டஹள்ளி, நன்றாகப் பாடுவாள். ஒருத்தி போச்சம்பள்ளி, சந்தைக்கு எதிர் வீடு. மற்ற நாலு பேர் விவரமும் இந்த நோட்டில் இருக்கிறது. இப்போது இதை முதல் வரிசையில் கொடுக்கிறேன், கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரைக்கும் போகட்டும். தெரிந்தவர்கள் பக்கத்தில் ஒரு பேனாவால் இப்போதைய ஊரை மட்டும் எழுதினால் போதும். சாப்பாட்டுக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள், இலை போட்டுவிட்டால் மறந்துபோகும்.