திருஷ்டி பாக்கெட்டுல தூள் உப்பாம்!

வணக்கம் மக்களே. பூசணிக்காய் வீடியோ போட்டதுல இருந்து ‘சுத்திப் போடுறதப் பத்திப் பேசுங்க’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. இன்னைக்குப் பேசியே ஆகணும். இந்தப் பாக்கெட்டைப் பாருங்க. திருஷ்டி கழிக்கிற செட்டாம், 149 ரூபா. உள்ள அஞ்சு மிளகாய், ஒரு சிட்டிகை கடுகு, உப்பு. அதுவும் தூள் உப்பு! அந்தக் காசுக்குக் கல் உப்பு கிலோக்கணக்குல வருமேய்யா. விலையக்கூட விட்டுடலாம், தூள் உப்பைத்தான் தாங்க முடியல.

ஏன்னா உப்பு வெடிக்கணும். கல் உப்புப் பரலுக்குள்ள துளித்துளியா தண்ணி சிக்கியிருக்கும். நெருப்புல விழுந்ததும் அது ஆவியாகிப் பரலைப் பிளக்கும், படபடன்னு சத்தம். ‘பாத்தியா, எம்புட்டுக் கண்ணு’ம்பாங்க. தூள்ல அந்தச் சத்தம் எங்க வரும்?

மிளகாய்க்குக் கணக்கு வேற. நெடி வரலைன்னாதான் திருஷ்டி. நெடி எப்போ வராது? மிளகாய்க்குக் காரம் குடுக்குறது கேப்சைசின்கிற வேதிப்பொருள். தணல்ல மிளகாய் கருகினா அது புகையோட கிளம்பித் தொண்டையப் பிடிக்கும். கொழுந்துவிட்டு எரியிற அடுப்புல போட்டா அதுவும் சேர்ந்து எரிஞ்சுடும். புகைபோக்கி நல்லா இழுத்தாலும் அவ்வளவுதான். ஆக, உப்பு வெடிச்சாலும் திருஷ்டி, மிளகாய் கமுக்கமா இருந்தாலும் திருஷ்டி. தோக்கவே தோக்காத ஆட்டம்!

அட, செய்முறையவே சொல்லல. ஒரு கைப்பிடி கல் உப்பு, காம்போட வரமிளகாய், கடுகு, சில வீட்டுல முச்சந்தி மண்ணு. கிழக்கப் பாத்து உக்கார வச்சு, வலமா மூணு, இடமா மூணு சுத்து. மூணு தரம் துப்பச் சொல்லி நெருப்புல போடணும். வீட்டுக்கு வீடு மாறும்.

இது எப்படி ஒட்டிக்குச்சு? 1948ல ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் ஒரு புறாச் சோதனைய எழுதினாரு. பசிச்ச புறா என்ன செஞ்சாலும், சும்மா நின்னாலும், 15 செகண்டுக்கு ஒருக்கா தீனி வரும். தீனி வந்த நேரத்துல தற்செயலா எதைச் செஞ்சுச்சோ, எட்டுல ஆறு புறா அதையே புடிச்சுக்கிச்சுன்னாரு. அதுல ஒண்ணு இடப்பக்கமாச் சுத்திச் சுத்தி வந்துச்சு. சுத்திப் போடுறது புறாவுக்கும் தெரியும் போல! குழந்தை அழுகை உச்சத்துக்குப் போறப்பதானே நாம உப்பைத் தேடுறோம்? உச்சத்துக்குப் போன அழுகை தானா இறங்கும், பேரு உப்புக்கு.

செய்றவங்க செய்ங்க. கதவடைச்ச ரூம்ல மட்டும் வேணாம், வீசிங் இருக்குற குழந்தைக்கு அந்தப் புகை மூச்சை இறுக்கிடும். வாசல்ல கொட்டாங்குச்சித் தணல் போதும், குழந்தைய உள்ள அனுப்பிட்டு மிளகாயப் போடுங்க.